முழங்கால் உயரத்தில் ஒரு டூர்!

டோக்கியோவில் ஷிபுயா என்று ஒரு நாற்சந்தி இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் பொங்கி வழியும் கூட்டத்தைக் கொஞ்சம் துவைத்து, இஸ்திரி போட்டு, வரிசையில் நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் ஷிபுயா. சிக்னல் விழுந்ததும் நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார்கள். ஒருத்தர் மேல் ஒருத்தர் இடித்துக்கொள்ள மாட்டார்கள். இதை வேடிக்கை பார்க்கவே உலகம் முழுக்க இருந்து டூரிஸ்ட்டுகள் போகிறார்கள்.

அந்தச் சந்தியில், பஸ்ஸுக்கும் டாக்ஸிக்கும் நடுவே, தரையோடு தரையாக ஆறேழு குட்டிக் கார்கள் வரிசை கட்டி நிற்கும். கூரை கிடையாது, கதவு கிடையாது. உள்ளே கால் நீட்டி உட்கார்ந்திருப்பவர் கரடி வேஷத்தில் இருப்பார், அல்லது டைனோசர் வேஷத்தில். எல்லோருக்கும் முன்னால் ஒரு குட்டிக் காரில் கைடு. அவர் கை காட்டினால் இடது, கை காட்டினால் வலது. டோக்கியோ டவர், ரெயின்போ பாலம் என்று ஊரையே தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் உட்கார்ந்தபடி பார்த்துவிட்டு வரலாம். இதன் பெயர் கோ-கார்ட் டூர்.

நம்மவர்களும் போய் ஓட்டிவிட்டு வருகிறார்கள். இந்தியாவும் ஜப்பானும் 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் இருப்பதால், நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கும் சர்வதேச லைசென்ஸ் அங்கே செல்லும். அந்த ஊர் சட்டப்படி இது 50 சி.சி. இன்ஜின் வைத்த 'மினி கார்'. பொம்மை மாதிரி இருந்தாலும் நம்பர் பிளேட் உண்டு, லைட் உண்டு, சாலையில் போகிற உரிமையும் உண்டு. பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் படும்படி உயரத்தில் விளக்கு வைக்க வேண்டும், சீட் பெல்ட் வேண்டும் என்று ஜப்பான் அரசு பிறகு விதிகளை இறுக்கியது. காரணம் இருக்கிறது. லாரிக்காரர் உட்கார்ந்திருப்பது மாடியில். நீங்கள் இருப்பது அவருடைய பம்பருக்குக் கீழே.

இந்த டூரை நடத்திய ஒரு கம்பெனியின் பெயர் மாரிகார். (நம்ம மாரியம்மனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) 1992-ல் வந்த 'சூப்பர் மாரியோ கார்ட்' என்ற வீடியோ கேம் ஞாபகம் இருக்கிறதா? பெரிய மீசை, சிவப்புத் தொப்பி வைத்த பிளம்பர் குட்டிக் கார் ஓட்டுவாரே, அது. அந்த வேஷத்தை வாடகைக்குக் கொடுத்துத்தான் கம்பெனி பிழைத்தது. கேமுக்குச் சொந்தக்காரரான நின்டெண்டோ 2017-ல் கோர்ட்டுக்குப் போனது. 2018-ல் டோக்கியோ கோர்ட் ஒரு கோடி யென் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அப்பீலில் 2020-ல் அது ஐந்து கோடி யென் ஆனது. அப்பீலுக்குப் போய் ஐந்து மடங்கு வாங்கிக்கொண்டு வந்தவர்களை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஆனால், வழக்கு வேஷத்துக்கும் பெயருக்கும்தான். குட்டிக் கார் டூர் நின்றுபோகவில்லை.

இந்தச் சமாச்சாரத்தை ஒரு நண்பர் என்னிடம் விவரித்துவிட்டு, "இதையே நம்ம மாமல்லபுரத்துல போட்டா எப்படி இருக்கும்? ஈ.சி.ஆர்.ல வரிசையா பத்து வண்டி... கடல் ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம்... கணக்கு போடுப்பா, நீதான் பி.காம். ஆச்சே!" என்றார்.

போட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த வண்டி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

பனங்காய் இரண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவட்டைக் கொம்பு. நுங்கு தின்று முடித்ததும் ஐந்து நிமிஷத்தில் வண்டி தயார். செங்கல்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை தலைமுறையாக ஓட்டுகிறார்கள் என்று கணக்கு இல்லை. அமெரிக்காவில் பனை மரம் குறைச்சல், இரும்புக் குழாய் ஜாஸ்தி. கலிபோர்னியாவில் ரேஸ் கார் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்த ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், 1956-ல் நாலு சக்கரம், கொஞ்சம் குழாய், புல் வெட்டும் மெஷினின் இன்ஜின் இவற்றைச் சேர்த்து முடுக்கினார். கோ-கார்ட் பிறந்தது. விளையாட்டுச் சாமான்தான் என்றாலும் பிற்பாடு ரேஸ் உலகமே இதில்தான் அரிச்சுவடி படித்தது. மைக்கேல் ஷூமேக்கருக்கு நாலு வயதில் அவர் அப்பா பெடல் காரில் மோட்டார் பொருத்திக் கொடுத்தார். நாலு வயதில் நமக்கு நடைவண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஸ்லேட்டைக் கொடுத்தார்கள்.

கோ-கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது. ரோட்டில் கிடக்கும் ஒரு கொட்டைப்பாக்கு மேல் ஏறினாலும் அது முதுகெலும்பு வழியாகத் தலைக்கு வந்து 'ஏறிவிட்டேன்' என்று ரிப்போர்ட் கொடுக்கும். முப்பது கிலோமீட்டர் வேகம் எண்பது மாதிரி தெரியும். அதுதான் அதன் கவர்ச்சி.

ஈ.சி.ஆர். ஓரம் கோ-கார்ட் ஓட்டத் தனியாகத் தடம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை நானும் மைத்துனரும் போனோம். ஹெல்மெட் மாட்டி, பெல்ட் இறுக்கி, பெடல் இரண்டையும் காட்டினார்கள். "ரெண்டையும் ஒரே நேரத்துல மிதிக்காதீங்க." அவ்வளவுதான் பாடம். மைத்துனர் முதல் வளைவிலேயே டயர் அடுக்குக்கு முத்தம் கொடுத்து நின்றார். எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. இறங்கின பிறகும் பத்து நிமிஷம் கை உதறல் நிற்கவில்லை. ஆனால் பாருங்கள், கூப்பிடு தூரத்தில் வங்காள விரிகுடா. அத்தனை சுற்றிலும் நான் பார்த்தது என்னவோ டயர், டயர், அப்புறம் கொஞ்சம் டயர். வேகமாகப் போகிறவனுக்கு ஊர் தெரியாது. வளைவுதான் தெரியும்.

சென்னையில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு ரோட்டை அடைத்து, ராத்திரியில் விளக்குப் போட்டு ஃபார்முலா-4 பந்தயம் நடத்தினார்கள். ஒரு பக்கம் அண்ணா சாலை, ஒரு பக்கம் நேப்பியர் பாலம். ஊரின் அழகான இடங்கள்தான். ஓட்டினவர்களில் ஒருத்தராவது பாலத்தை ரசித்திருப்பாரா? கூவத்தின் வாசனை மூக்கில் ஏறாமல் அதைத் தாண்டின பாக்கியசாலிகள் அநேகமாக அவர்கள்தான். ஹெல்மெட்டுக்கு நன்றி.

சரி, நண்பரின் திட்டத்துக்கு வருவோம். மாமல்லபுரத்தில் ரோட்டிலேயே கோ-கார்ட் விட முடியுமா?

சட்டம் முடியாது என்கிறது. 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், 39-வது பிரிவு: பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. தடத்தில் ஓடும் கோ-கார்ட்டுக்குப் பதிவும் கிடையாது, நம்பரும் கிடையாது. ஜப்பானில் அதற்கென்று ஒரு ஜாதி வகுத்து மினி கார் என்று பெயர் வைத்தார்கள். இங்கே அது எந்த ஜாதியிலும் சேராது. போதாததற்கு, 2019-ல் சேர்த்த 199-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால் வண்டியின் சொந்தக்காரருக்கோ பெற்றோருக்கோ மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். கோ-கார்ட்டைப் பார்த்ததும் ஏறத் துடிப்பது யார்? பதினெட்டு நிரம்பாத பிள்ளைதான்.

நண்பர் விடவில்லை. "சட்டத்தை மாத்திட்டா?"

மாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்று சொன்னேன். வழிகாட்டி முன்னால் போக, சின்ன வண்டியில், காற்று முகத்தில் அடிக்க, பல் கடகடக்க ஊர் சுற்றும் டூர் நம்மிடம் எப்போதோ வந்தாயிற்று. அதற்குச் சக்கரம் ஒன்று குறைச்சல், அவ்வளவுதான். ஆட்டோ!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரிக்‌ஷாவே ஜப்பான் சரக்கு. 1870 வாக்கில் அங்கே மனுஷன் இழுக்கும் வண்டிக்கு 'ஜின்ரிகிஷா' என்று பெயர் வைத்தார்கள். அது தேய்ந்து ரிக்‌ஷாவாகி மெட்ராஸ் வரை வந்தது. மனுஷனை மனுஷன் இழுக்கும் அந்தக் கைரிக்‌ஷாவை 1973-ல் கருணாநிதி ஆட்சியில் ஒழித்து சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். 1971-ல் எம்.ஜி.ஆர். 'ரிக்‌ஷாக்காரன்' ஆனார். 1995-ல் ரஜினி ஆட்டோவில் ஏறி 'பாட்ஷா' ஆனார். ஜப்பானிலிருந்து வந்த வண்டிக்கு இந்த மரியாதை அங்கே கூடக் கிடைத்திருக்காது.

2006 முதல் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆட்டோவைக் கொடுத்து ஓட்டச் சொல்லும் பந்தயமும் இங்கே நடந்திருக்கிறது. 'ரிக்‌ஷா சேலஞ்ச்' என்று பெயர். சென்னையில் கிளம்பிக் கன்னியாகுமரி வரை. ஆட்டோவுக்குப் புலி மாதிரி, பூ மாதிரி பெயின்ட் அடித்துக்கொண்டு, இடது கைப்பிடியைத் திருகினால் கியர், வலது கைப்பிடியைத் திருகினால் வேகம், பிரேக்குக்கு மட்டும் கால் என்று பாடம் படித்துக்கொண்டு கிளம்புவார்கள். மூட்டையைத் தூக்கவும் ரிப்பேர் பார்க்கவும் பின்னால் ஆட்கள் வருவார்கள். கொச்சியிலிருந்து ராஜஸ்தான் பக்கம் போகிற 'ரிக்‌ஷா ரன்' என்று இன்னொன்றும் உண்டு. அதில் பின்னால் யாரும் வரமாட்டார்கள். வண்டி நின்றால் நடுரோட்டில் நீங்களும் கடவுளும்தான்.

நமக்குத் தினசரி அவஸ்தையாக இருப்பது இன்னொருத்தருக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்து அனுபவிக்கும் சாகசமாக இருக்கிறது. அதில் தப்பில்லை. நாமும்தான் வெனிஸில் போய்ப் படகுக்கு வாடகை கொடுக்கிறோம்.

ஆக, கோ-கார்ட் டூருக்கு நெருங்கின சொந்தக்காரனைப் பிடித்துப் பார்த்துவிடலாம் என்று செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷன் வாசலுக்குப் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு டிரைவர். காக்கிச் சட்டை, காதில் பென்சில்.

"அண்ணே, மாமல்லபுரம். சுத்திக் காட்டிட்டுத் திரும்பக் கொண்டாந்து விடணும். எவ்வளவு?"

அவர் என்னைப் பார்த்தார். பின் என் தோள் பையைப் பார்த்தார். தொகை பையின் மேல் எழுதியிருந்தது போலும். பேரம் பேசி இருவரும் நஷ்டம் என்கிற முகத்தோடு ஒரு தொகைக்கு வந்தோம். பி.காமில் இதைத்தான் சமநிலை விலை என்பார்கள்.

"வேகமா போவணுமா, பாத்துக்கினு போவணுமா சார்?"

"பார்த்துட்டே போகலாம்ணே."

"அப்போ பேச்சு உண்டு. வேகமா போனா பேச மாட்டேன்."

கொளவாய் ஏரிக் காற்று பின்னால் தங்கிவிட, திருக்கழுக்குன்றம் ரோட்டில் வண்டி திரும்பியது. ஆட்டோவில் உட்கார்ந்தால் உலகம் பாதியில் வெட்டுப்பட்டுத் தெரியும். கூரை விளிம்புக்கு மேலே எதுவும் கிடையாது. மரத்துக்கு அடிமரம்தான், கோபுரத்துக்கு அடித்தளம்தான், மனுஷனுக்கு இடுப்புக்குக் கீழேதான். அதனாலேயே மற்ற வண்டியில் போனால் கண்ணில் படாததெல்லாம் படுகிறது. வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்கிற கை. டீக்கடை பெஞ்சுக்கு அடியில் தூங்கும் நாய். பஸ் ஸ்டாப்பில் ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொள்ளும் பள்ளிக்கூட டீச்சர்.

திருக்கழுக்குன்றத்தில் அவரே ஓரம் கட்டினார். "எறங்கிப் பாருங்க. உள்ள குந்திக்கினு மலையைப் பாக்க முடியாது."

மேலே வேதகிரீசுவரர் கோயில். 565 படி. தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும் என்று பாட்டிமார் சொல்லியிருப்பார்களே, அந்த இடம். அதனால்தான் பட்சி தீர்த்தம் என்றும் பெயர். அவை பாறுக் கழுகுகள். 1990-களோடு வருகை நின்றுபோனது. நாடு முழுக்கவே பாறுக் கழுகுகள் அருகிப்போயின. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி மருந்து, செத்த மாட்டின் வழியாக அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்து, மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்தை 2006-ல் தடை செய்தார்கள்.

"சின்ன வயசுல அப்பா கூட்டிக்கினு வந்து காட்டினாரு சார். வெள்ளையா, மூஞ்சி மஞ்சளா... ரெண்டும் வந்து குந்தும். என் பொண்ணுக்குக் காட்டலாம்னு வந்தேன். பன்னெண்டு மணி வரிக்கும் நின்னோம். காக்காதான் வந்துச்சு."

பூஞ்சேரி கூட்டு ரோடு வந்ததும் அவர் பேச்சு குறைந்தது. இங்கேதான் பழைய மாமல்லபுரம் சாலை வந்து சேருகிறது. இடது கைப்பக்கம் மோவாயைத் தூக்கிக் காட்டினார்.

"அந்தாண்ட போனா பண்டிதமேடு. தெரியுமில்ல?"

தெரியும். 2024 நவம்பரில், மாடு மேய்த்துவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்த ஐந்து பெண்கள் மேல், அதிவேகமாக வந்த கார் ஏறியது. ஐந்து பேரும் அங்கேயே இறந்தார்கள். அவர்கள் ரோட்டைக் கடக்கக் கூட இல்லை. ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க ஜனம் ரோட்டோரம் குந்தறது தப்புன்னு சொல்றாங்க சார். ரோடு வர்றதுக்கு முன்னாடியிலேருந்து அங்கதான் குந்தியிருக்கோம்."

அதற்கப்புறம் கூட்டு ரோடு தாண்டுகிற வரை இருவரும் பேசவில்லை.

முதலில் வடக்கே சாளுவன்குப்பத்துக்கு விடச் சொன்னேன். ஈ.சி.ஆரில் நாலு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் புலிக்குகை கடல் பக்கம். நாங்கள் வருவது எதிர்ப் பக்கம். திரும்புவதற்கு இடைவெளியில் நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். கார்கள் விசில் அடித்த மாதிரி போயின. எங்கள் பக்கத்திலேயே தலையில் கூடையோடு ஒரு அம்மாள், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு பையன். அவர்களும் கடக்க வேண்டும். கோவளம் தொடங்கி இந்தக் கரை நெடுகக் குப்பங்கள். வீடு கடல் பக்கம், பஸ் ஸ்டாப் எதிர்ப் பக்கம். சென்னைக்காரருக்கு ஈ.சி.ஆர். என்றால் சனி ஞாயிறு டிரைவ். அந்த அம்மாளுக்கு அது வாசலைத் தாண்டினதும் வருகிற ஆறு. தினம் இரண்டு தரம் நீந்த வேண்டும்.

இந்த ரோட்டில் பத்து கோ-கார்ட்டை வரிசையாக விட்டால்? முதல் ஆளுக்கு சிக்னல் கிடைக்கும், ஆறாவது ஆள் தனியாக நிற்பார், ஏழாவது ஆள் அவரைப் பிடிக்க முடுக்குவார். பார்த்து ரோட்டைக் கடக்கும் அம்மாள், முழங்கால் உயரத்தில் வருகிற வண்டியை எப்படிப் பார்ப்பாள்? நண்பர் போடச் சொன்ன கணக்கு எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது. வரவில் டிக்கெட் பணம். செலவில் பெட்ரோல், சம்பளம், தேய்மானம். இதெல்லாம் சரிக்கட்டிவிடும். ஆனால் ஐந்தொகையின் அடியில் பொடி எழுத்தில் 'எதிர்பாராப் பொறுப்பு' என்று ஒரு வரி அச்சடிப்பார்கள். பரீட்சையில் அதை யாரும் படிக்க மாட்டார்கள். அந்த வரியில் கூடையோடு அந்த அம்மாள் நிற்கிறாள்.

புலிக்குகையில் புலி இல்லை, சரியாகச் சொன்னால் குகையும் இல்லை. பாறையின் முகப்பைச் சுற்றி யாளித் தலைகள் வாய் பிளந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு சின்ன மாடம். பக்கத்திலேயே 2004 சுனாமிக்குப் பிறகு தெரியவந்த கோயில். அலை மணலை வாரிக்கொண்டு போனதில் பாறைக் கல்வெட்டு ஒன்று தலைகாட்ட, தொல்லியல் துறை 2005-ல் தோண்ட ஆரம்பித்தது. முருகன் கோயில். மேலே பல்லவர் காலத்துக் கருங்கல், கீழே அதற்கும் முந்தின செங்கல். வாசலில் கல்லால் ஒரு வேல்.

"கார்ல வர்றவங்க புலிக்குகைல போட்டோ புட்ச்சிக்கினு பூடுவாங்க. இத்த கேக்கவே மாட்டாங்க" என்றார் டிரைவர். அவர் சொல்லியிருக்காவிட்டால் நானும் போட்டோ பிடித்துக்கொண்டு போயிருப்பேன்.

மாமல்லபுரத்துக்குள் நுழைந்தால் உளிச் சத்தம் வரவேற்கிறது. ஐந்து ரதங்களுக்குப் போகும் தெரு நெடுகச் சிற்பப் பட்டறைகள். தலை இல்லாத புத்தர்கள், உடம்பு இல்லாத பிள்ளையார்கள், ஆர்டருக்குக் காத்திருக்கும் நந்திகள். ஆட்டோ உயரத்தில் பார்த்தால் எல்லோருடைய முகமும் சரியாக உங்கள் முகத்துக்கு எதிரே. உளிக்காரர் முகத்திலும் பிள்ளையார் முகத்திலும் ஒரே வெள்ளைத் தூசி.

ரதக் கோயில் வாசலில் டிரைவர் நின்றுவிட்டார். "உள்ள நான் வர மாட்டேன் சார். உள்ள கைடுங்க இருக்காங்க. அது அவங்க பொழப்பு." ஆனால் வெளியிலிருந்தே இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். ஒன்று: "நாலு தேரும் ஒரே கல்லு. சின்னதுலேருந்து பெருசு வரிக்கும் வரிசையா பாருங்க, பாறை எப்படி ஏறிக்கினு போச்சுன்னு தெரியும்." இன்னொன்று: "யானைக்குப் பின்னாடி போய் நின்னுக்கினு தேரைப் பாருங்க. அப்புறம் வந்து சொல்லுங்க."

திரௌபதி ரதம் ஓலைக் குடிசை மாதிரி குட்டியாக இருக்கிறது. அடுத்து அர்ஜுனன், பீமன், கடைசியில் தர்மராஜன். பாண்டவர் பெயரெல்லாம் பிற்காலத்தவர் வைத்தது. இவை தேரும் அல்ல. சக்கரமும் இல்லை, குதிரையும் இல்லை. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாக ஓர் அங்குலம் நகராத வண்டிகள். ஒரே நீளப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். அடிப்பாகம் முடியாமல் நிற்பதே அதற்குச் சாட்சி. டிரைவர் சொன்ன வரிசையில் பார்த்தால், செதுக்குவதற்கு முன்னால் படுத்திருந்த அந்தப் பாறையின் முதுகே கண்ணில் வந்துவிடுகிறது.

யானைக்குப் பின்னால் போய் நின்றேன். அது தனியாக நிற்கும் கல் யானை. பக்கத்தில் நகுல சகாதேவ ரதம். யானையின் முதுகையும் கூரையையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வளைவு! பின்பக்கம் உருண்ட இந்த வடிவத்துக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். பெயருக்கு விளக்கம் வேண்டாம் என்று பக்கத்திலேயே யானையைச் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் பல்லவ நாட்டுச் சிற்பி. நோட்ஸ் போட்டுக் கொடுத்த வாத்தியார்!

வெளியே வந்து சொன்னேன். டிரைவர் தன் யானையை நான் பாராட்டின மாதிரி சிரித்தார்.

அர்ஜுனன் தபசுக்கு வந்தபோதுதான் உயரத்தின் அருமை புரிந்தது. நின்றபடி பார்ப்பவர்கள் எல்லோரும் அண்ணாந்து நடுவில் ஒற்றைக் காலில் நிற்கும் தபசியையே பார்க்கிறார்கள். யுனெஸ்கோ 1984-ல் பட்டியலில் சேர்த்த பாறை ஆயிற்றே, மரியாதை அண்ணாந்துதான் வரும். ஒரு ஐந்து வயதுப் பெண் குழந்தை மட்டும் அப்பாவின் வேட்டியை இழுத்து, "பூனை! பூனை!" என்றது. பெரிய யானையின் பக்கத்தில், கீழே, தபசியைப் போலவே கை தூக்கிப் பின்னங்காலில் நிற்கும் பூனை. சுற்றிலும் அதை நம்பி வந்த எலிகள். யானைக் கால்களுக்கு நடுவே குட்டி யானைகள். இன்னொரு மூலையில் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான். தமாஷெல்லாம் கீழ்வரிசையில்தான். கோ-கார்ட்டில் உட்காரும் உயரத்தில் இதைப் பார்க்க வேண்டும் என்று நண்பர் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் அதற்குக் கோ-கார்ட் எதற்கு? குந்தி உட்கார்ந்தால் போதும். உட்கார்ந்தேன். பின்னால் வந்த கல்லூரிப் பெண்கள் என்னவோ தொலைந்துவிட்டது என்று தேட ஆரம்பித்தார்கள்.

டோக்கியோ டூரில் எனக்கு இடிக்கிற விஷயமும் இதுதான். டைனோசர் வேஷத்தில் குட்டிக் காரில் போகிறவர் ஊரைப் பார்ப்பது குறைவு. ஊர்தான் அவரைப் பார்க்கிறது, போட்டோ எடுக்கிறது. டூரிஸ்ட்டே வேடிக்கைப் பொருள் ஆகிவிடுகிறார். ஷிபுயாவில் அது பொருந்தலாம். மாமல்லபுரத்தில் பின்னங்காலில் நிற்கும் பூனையோடு போட்டி போடுகிற வேஷம் எது இருக்கிறது?

இளநீர் குடித்துக்கொண்டே டிரைவரிடம் நண்பரின் திட்டத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "வண்டிக்கு ரிவர்ஸ் இருக்குதா சார்?" என்றார்.

"தடத்துல ஓடுற வண்டிக்குப் பெரும்பாலும் கிடையாதுண்ணே."

"அப்போ பஸ் ஸ்டாண்டாண்ட மாட்டினா எறங்கித் தூக்கணும்."

ரதம், கடற்கரைக் கோயில், தபசு, கலங்கரை விளக்கம் எல்லாம் நடக்கிற தூரம்தான். வாடகைச் சைக்கிள் கிடைக்கிறது. ஊருக்குள் மட்டும், வெயில் தாழ்ந்த பிறகு, பாட்டரி வண்டி நாலைந்தை, ஓடுகிற வேகத்துக்குக் கடிவாளம் போட்டு, முன்னால் இந்த மாதிரி ஒரு மனுஷரை உட்கார வைத்து விட்டால் நான் முதல் டிக்கெட் வாங்கத் தயார். ஈ.சி.ஆர். பக்கம் மட்டும் வேண்டாம். வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தடம் இருக்கிறது, டயர் இருக்கிறது, மைத்துனர் துணைக்கு வருவார்.

கடைசியாகக் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. சரிவான பாறையில் இப்பவோ அப்பவோ என்று நிற்கும், 250 டன் இருக்கும் என்று சொல்லப்படுகிற உருண்டைக் கல். 1908-ல் கவர்னர் லாலி ஏழு யானைகளை விட்டு இழுத்துப் பார்த்தும் அசையவில்லை என்பார்கள். அதன் பக்கத்துச் சரிவு, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி வழவழவென்று ஆகிவிட்டது. அன்றைக்கும் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் மூத்த பையன் மேலே நின்று, "நீ போ... இரு இரு... இப்ப நீ!" என்று கை காட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவராகக் கால் நீட்டி உட்கார்ந்து, ஓவென்று கத்திக்கொண்டு கீழே வந்து விழுந்து, எழுந்து, மறுபடி மேலே ஓடினார்கள். கீழே ஓர் அம்மா மகனைப் பிடித்துத் திருப்பி நிஜாரின் பின்பக்கத்தை ஆராய்ந்து, முதுகில் ஒன்று வைத்தாள்.

டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சார், பி.காம். படிச்சிருக்கேன்னு சொன்னீங்களே... நிஜாருக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?"